மதினிக்கு எதுக்கு அந்த மருந்து?

ஏட்டி மகராசி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மதினியின் மார்பு ஆபரேஷன், அரைப் பக்கம் உன் மருமகள், மிச்சம் இருந்த அரைப் பக்கத்தில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாய். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டிரானெக்சாமிக் ஆசிட்’ என்று எழுதியிருக்கிறது, அது நாமெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் பெரும்பாடு வந்து சுருண்டு கிடந்தபோது லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாச்சே, தூரம் நின்று எத்தனையோ வருஷம் ஆன மதினிக்கு அதை எதற்குப் போட்டார்கள், யாருக்கோ போக வேண்டியது இவளுக்கு வந்துவிட்டதா என்று. அண்ணனிடம் சொன்னால் ஆஸ்பத்திரியில் போய்ச் சண்டை பிடிப்பார் என்று பயந்து எனக்கு எழுதினாய். நல்ல காரியம் செய்தாய். பந்தியில் ரசம் வர லேட்டானதற்கே கல்யாண மண்டபத்தை இரண்டாக்கியவர் அவர்.

ஆள் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. தெரிந்தேதான் போட்டிருக்கிறார்கள். அந்த மருந்துக்குக் கர்ப்பப்பை என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ரத்தக்கட்டு ஒன்றுதான். காயத்தை அடைக்க ரத்தம் உறைந்து நிற்கிறதல்லவா, அந்த உறைவைச் சீக்கிரம் கரையவிடாமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் காயம் கர்ப்பப்பையில் இருந்தாலும் சரி, பல் பிடுங்கிய குழியில் இருந்தாலும் சரி, மார்பை எடுத்த இடத்தில் இருந்தாலும் சரி. நம் ஊரில் பெரும்பாட்டுக்கே அதிகமாக எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டதால், மருந்துக்கடைப் பையன்கள் அதைப் பேப்பரில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார்கள். அதனால்தான் அது பெண்கள் மாத்திரை என்று உன் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஆபரேஷன் தியேட்டரில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டவள் நான். மார்பு ஆபரேஷனில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்கிறேன்; மதினியிடம் அப்படியே ஒப்பிக்காதே. காரை எலும்புக்குக் கீழே தொடங்கி விலா ஓரம் வரைக்கும், பக்கவாட்டில் அக்குள் வரைக்கும் தோலை மெல்லிசாக உரித்துத் தூக்கி, அடியில் இருக்கிற மார்பைத் தசையிலிருந்து பிரித்து எடுப்பார்கள். அக்குளில் நெறிகட்டியும் எடுத்தால் இன்னும் ஆழம். முடிந்ததும் தோலைத் திரும்பப் படியவைத்துத் தையல் போட்டால், மேலே ஒரு கோடுதான் தெரியும். அடியில் இரண்டு கை அகலத்துக்குப் பச்சைப் புண். பெரிய ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுவார்கள். சின்னதையெல்லாம் காட்டரியால் சுட்டுவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஆள் மயக்கத்தில் இருக்கிறாள், பிரஷர் இறங்கியிருக்கிறது. அப்போது கசியாத நுண்ணிய குழாய்கள், அவள் கண் விழித்து, இருமி, குமட்டி, வலியில் பிரஷர் ஏறினதும் வாயைத் திறக்கும். அதனால்தான் இந்த ஆபரேஷனில் முதல் ராத்திரிக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

நைட் டூட்டியில் ஒரு அம்மா. சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். நடுச்சாமத்துக்கு மேல் பெட்டில் புரள ஆரம்பித்தாள். என்னம்மா செய்யுது என்று கேட்டால், “கட்டு இறுக்குது சிஸ்டர்” என்கிறாள். கட்டு அதே கட்டுதான். இறுகியது கட்டல்ல, உள்ளே வீங்குகிறது. புண்ணில் கசிவதை வெளியே இழுக்கிற டிரெயின் குழாயின் டப்பாவைப் பார்த்தேன். ரத்தம் நிறைந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அது காலியாகக் கிடந்தது. குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு, வெளியே வரவேண்டியதெல்லாம் உள்ளேயே தேங்குகிறது. நாடி ஓடுகிறது, உள்ளங்கை சில்லிட்டு வேர்க்கிறது. திரும்பவும் தியேட்டர், திரும்பவும் மயக்கம். தையலைப் பிரித்தால் கறுத்த கட்டி கட்டியாக ரத்தம். கையால் அள்ளி அள்ளிக் கிட்னி டிரேயில் போட்டோம். சலைன் ஊற்றிக் கழுவிவிட்டு எந்தக் குழாய் கசிகிறது என்று தேடினால், ஒன்றும் அகப்படவில்லை. பல நேரம் அப்படித்தான். குற்றவாளி என்று ஒரு குழாயைக் காட்ட முடியாது. புண் முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கும்.

இதைத்தான் டாக்டர்கள் ஹீமட்டோமா என்பார்கள். நூறு பேரில் ஒரு சிலருக்குத்தான் வரும், உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஆனால் வந்தவளுக்கு இரண்டாவது மயக்கம், இரண்டாவது காயம், கெட்டுப்போகிற தோல், சீழ் பிடிக்கிற பயம், அதைவிட முக்கியமாகக் கீமோவும் கரண்டு வைக்கிற கதிர்வீச்சும் தள்ளிப் போகும். புற்றுநோய்க்காரிக்கு நாள் தள்ளிப்போவது சின்ன விஷயமில்லை.

சரி, இதில் அந்த மருந்து எங்கே வருகிறது? உடம்பில் அடிபட்டதும் ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம் நூல் நூலாகத் திரண்டு வலை பின்னும். அந்த நூலுக்கு ஃபைப்ரின் என்று பெயர். அந்த வலையில் ரத்த அணுக்கள் சிக்கி உறைந்து காயத்தை அடைக்கும். அதே நேரத்தில் அந்த வலையை அறுத்துக் கரைக்கவும் உடம்பிலேயே ஒரு ஆள் தயாராக இருக்கிறார், பெயர் பிளாஸ்மின். அவரும் வேண்டியவர்தான். அவர் இல்லாவிட்டால் உறைந்த ரத்தமெல்லாம் குழாய்க்குள் அப்படியே கிடந்து அடைத்துவிடும். ஆனால் பெரிய காயம் பட்டால் அவருக்கு அவசரம் பிடித்துவிடும். கான்கிரீட் காய்வதற்கு முன்னாலேயே முட்டுக்கட்டையைப் பிடுங்குகிற சித்தாள் என்று வைத்துக்கொள். டிரானெக்சாமிக் செய்வது அந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்துகிற வேலை. பிளாஸ்மினாக மாறப் போகிற புரதம் ஃபைப்ரினில் போய் ஒட்டிக்கொள்ள, லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிற இடத்தைத்தான் தேடும். இந்த மருந்தின் உருவமும் லைசினின் உருவமும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் புரதம் ஏமாந்துபோய் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், வலை தப்பிக்கும்.

கவனி, இது ரத்தத்தை உறையவைக்கிற மருந்து இல்லை. உறைந்ததைக் கலையவிடாத மருந்து. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப்பேர் பயப்படுகிறார்கள். மதினிக்கு வயிற்றுத் தோலில் ஒரு சின்ன ஊசியும் போட்டார்கள், அது ரத்தம் உறையாமல் இருக்க என்று சிஸ்டர் சொன்னாள், இரண்டும் எதிரெதிராச்சே என்று நீ எழுதியிருக்கிறாய் பார், அதற்கும் இதுதான் பதில். அந்த ஊசி, படுத்தே கிடப்பதால் காலில் புதிதாக ரத்தக்கட்டு உண்டாகாமல் இருக்க. இது, மார்பில் வேண்டிய இடத்தில் உண்டான கட்டு கலையாமல் இருக்க. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடுவது உண்டு, யாருக்கு எது, எப்போது என்பது டாக்டரின் கணக்கு.

இனி நான் உனக்குச் சொல்ல ஆசைப்பட்ட கதைக்கு வருகிறேன். இந்த மருந்தைக் கண்டுபிடித்தது ஒரு பெண், தெரியுமா? ஜப்பான்காரி. உடாகோ ஒகாமோட்டோ. 1918-இல் பிறந்தவள். முதலில் பல் மருத்துவம் படிக்கப் போய், அப்புறம் டோக்கியோவில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரிக்கு மாறி, யுத்த காலத்தில் டாக்டரானாள். புருஷன் ஷொசுகேயும் ஆராய்ச்சிக்காரர். யுத்தம் முடிந்து ஊரே சாம்பலாகக் கிடக்கிறது, ஆராய்ச்சிக்குக் காசும் கிடையாது, சாமானும் கிடையாது. எதை ஆராயலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து, ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வராது, இல்லாவிட்டால் நம் கையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். அப்படியே தங்கள் ரத்தத்தையும் எடுத்தார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைக் காப்பாற்ற ஒரு மருந்து வேண்டும், அதுதான் அவர்கள் குறி.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு லேபில் வேலை பார்த்திருக்கிறாள். பேசப் போன இடத்தில் என்ன மரியாதை கிடைத்தது என்கிறாய்? அந்தக் காலத்தில் ஒரு மாநாட்டிலிருந்து அவளையும் இன்னொரு பெண்ணையும் வெளியே அனுப்பியிருக்கிறார்கள், பெண்களும் குழந்தைகளும் இருக்கிற இடம் இது இல்லை என்று. எந்த மாநாடு? குழந்தை மருத்துவ மாநாடு! படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. தியேட்டரில் நாற்பது வருஷம் அனுபவமுள்ள சிஸ்டரை, மீசை முளைக்காத ஹவுஸ் சர்ஜன் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சொல்லும்போது நாங்கள் எத்தனை பேர் தள்ளி நின்றிருக்கிறோம்.

லைசினில் ஆரம்பித்து, அதைக் கொஞ்சம் மாற்றி ஒரு மருந்து செய்தார்கள். வேலை செய்தது, ஆனால் நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. விடாமல் மாற்றி மாற்றிப் பார்த்து, முதல் மருந்தைவிட 27 மடங்கு வீரியமான ஒன்றைப் பிடித்தார்கள். அதை 1962-இல் வெளியிட்டார்கள். அதுதான் மதினியின் சம்மரியில் இருப்பது. மருந்து சந்தைக்கும் வந்துவிட்டது. பல் டாக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள், பெரும்பாட்டுக்கு எழுதினார்கள். ஆனால் அவள் எதற்காகச் செய்தாளோ அந்தப் பிரசவ ரத்தப்போக்குக்குச் சோதித்துப் பாருங்கள் என்று கோபே நகரத்தில் பிரசவ டாக்டர்களைக் கேட்டும் யாரும் அசையவில்லை.

அவளுக்கு வயது 90 தாண்டின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. லண்டனிலிருந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு, 40 நாடுகளில் விபத்தில் அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்து, உயிர் பிழைப்பவர் அதிகம் என்று 2010-இல் காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் விபத்துக்கென்று சேர்த்தது. பிரசவத்துக்கென்று 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017 ஏப்ரலில் வெளிவந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தப்போக்கால் சாகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதைப் பார்க்க அந்தக் கிழவி இல்லை. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2016 ஏப்ரலில், 98 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் ஒன்று, ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே தன்னைப் பார்க்க வந்த லண்டன் ஆய்வாளரிடம், இது பலிக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிற தோரணையில்தான் பேசியிருக்கிறாள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்பு ஆபரேஷனுக்கு வந்த கதை இதற்கு நடுவில் சத்தமில்லாமல் நடந்தது. 1994-இலேயே சுவிட்சர்லாந்தில் 160 பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள். மார்பும் அக்குள் நெறிகட்டியும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பாவனை மருந்து. மருந்து போட்டவர்களுக்கு டிரெயினில் வந்த நீர் கணிசமாகக் குறைந்தது. அப்புறம் நார்வேக்காரர்கள் 2015-இல் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாரம் தாங்காமல் இரண்டு மார்பையும் சிறிதாக்க வந்த 28 பெண்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு மார்பில் மருந்து, மறு மார்பில் வெறும் சலைன். எந்தப் பக்கம் எது என்று ஆபரேஷன் செய்கிறவருக்கும் தெரியாது, படுத்திருக்கிறவளுக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் ரத்தம் மாறுமே என்ற வாதத்துக்கே இடமில்லை பார்! அதுவும் ஊசியாகப் போடவில்லை. 500 மில்லிகிராம் ஆம்பியூல் ஒன்றை 20 மில்லியாகக் கரைத்து, தையல் போடும் முன்னால் பச்சைப் புண்ணின் மேல் ஊற்றி நனைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மருந்து ஊற்றின பக்கம் முதல் நாள் டிரெயினில் வந்தது 39 சதவீதம் குறைவு. ஊற்றுகிற முறையில் உடம்பு முழுக்கப் போகிற மருந்தும் குறைவு. எங்கே கசிகிறதோ அங்கேயே நிற்கும்.

ஆனால் ஊரெல்லாம் டமாரம் அடிக்கிற அளவுக்கு இது மந்திர மருந்து இல்லை. அதே நார்வேக்காரர்கள் மார்பை முழுக்க எடுத்த 202 பெண்களிடம் அடுத்துச் செய்த ஆய்வில், ஆரம்ப ரத்தக்கசிவு குறைந்தது, ஆனால் செரோமா குறையவில்லை. செரோமா என்பது ரத்தம் இல்லை. பல நாள் கழித்துத் தோலுக்கு அடியில் கோத்துக்கொள்கிற மஞ்சள் நீர். நெறிகட்டி எடுத்ததால் வடிகிற நிணநீரும், புண் ஆறும்போது ஊறுகிற நீரும் கலந்தது. அதில் கரையவேண்டிய ரத்தக்கட்டு எங்கே இருக்கிறது, இந்த மருந்து போய்க் காப்பதற்கு? எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆகவே மதினிக்கு அடுத்த வாரம் அக்குள் பக்கம் நீர் கோத்தால், மருந்து போட்டும் வந்துவிட்டதே என்று ஒப்பாரி வைக்காதே. அதை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் வலிகூடத் தெரியாது, அந்த இடம் மரத்துத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்பு ஆபரேஷனில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. பல விதமான ஆபரேஷன்களைச் சேர்த்துக் கனடாவிலிருந்து நடத்திய ஆய்வு ஒன்று பெரிசு. 22 நாடுகளில் 9,535 பேர், முடிவு வந்தது 2022-இல். பெரிய ரத்தப்போக்கு, மருந்து போடாதவர்களில் 11.7 சதவீதம், போட்டவர்களில் 9.1 சதவீதம். நூறு பேருக்குப் போட்டால் இரண்டு மூன்று பேர் தப்புகிறார்கள் என்று அர்த்தம். விலை மலிவு, அதனால் எனக்கு அது நல்ல வியாபாரமாகத்தான் படுகிறது. ஆனால் மருந்து இருக்கிறதே என்று அவசரமாகத் தையல் போட்டு மூடுகிற சர்ஜன் எனக்கு வேண்டாம். புண்ணில் காஸை வைத்து அழுத்தி, பிரஷரைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி, கசிவு இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு மூடுகிற கையைத்தான் நான் நம்புவேன். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மாற்றாக எந்த ஆம்பியூலும் வரவில்லை.

ஜப்பான்காரியின் கதையைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. முழு மயக்கம் கொடுத்து மார்புப் புற்றை அறுத்து எடுத்த முதல் கதையும் அங்கேதான் நடந்தது. ஹனவோகா செய்ஷூ என்ற வைத்தியர், 1804-இல். மேல்நாட்டில் ஈதர் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னால். மயக்கத்துக்கு அவர் அரைத்த கஷாயத்தில் முக்கியச் சரக்கு எது தெரியுமா? ஊமத்தை! நம் ஊர்ப் பிள்ளையாருக்குக்கூடச் சாத்துகிறோமே, அந்த இனம்தான். இன்றைக்கும் ஜப்பான் மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத்தின் சின்னத்தில் அந்தப் பூ இருக்கிறது. அளவு பிடிக்க அவர் தன் பெண்டாட்டி மேலேயே சோதித்துப் பார்த்ததில் அவளுக்குக் கண் போயிற்று என்பார்கள். மாமியாரும் மருமகளும், நான்தான் குடிப்பேன், நான்தான் குடிப்பேன் என்று போட்டி போட்டதாக அதை வைத்து ஒரு நாவல் வந்தது, படமும் எடுத்தார்கள். தியாகி மனைவி கதை என்றால் எந்த நாட்டிலும் கூட்டம் வரும். எனக்கென்னவோ, தன் கையிலிருந்து தானே ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, முதுகில் பிள்ளையோடு கணக்கு எழுதினாளே, அவளை வைத்துப் படம் எடுத்தால் முதல் நாள் முதல் ஷோ போவேன்.

மயக்கமே இல்லாமல் பட்டவர்களும் உண்டு. ஃபேனி பர்னி என்ற இங்கிலீஷ் எழுத்துக்காரி 1811-இல் பாரிஸில், ஒரு குவளை ஒயின் குடித்த தைரியத்தில் மார்பை அறுக்கக் கொடுத்தாள். அறுத்தவர்களில் ஒருவர் நெப்போலியனின் ராணுவ டாக்டர். அதையெல்லாம் பல மாதம் கழித்துத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினாள். ஆபரேஷனுக்கு அப்புறம் 28 வருஷம் உயிரோடு இருந்தாள் என்பதை மட்டும் மதினியிடம் சொல், மற்றதைச் சொல்லாதே.

இப்போது பயப்பட வேண்டிய பக்கத்துக்கு வா. முன்பு காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், நுரையீரலில் அடைப்பு வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இந்த மருந்தைப் போடும் முன்னால் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அளவு மீறினால் வலிப்பு வரும், இதய ஆபரேஷனில் அதிக அளவு போட்டபோது பார்த்திருக்கிறார்கள். குடல் ரத்தப்போக்குக்கு இதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் பலன் தெரியவில்லை, காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டுதான் கூடியது. எல்லாப் பூட்டுக்கும் இது சாவி இல்லை. எங்கள் தியேட்டரில் நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்த விஷயம் இன்னொன்று உண்டு. முதுகில் போடுகிற மரப்பு ஊசி ஆம்பியூலும் இந்த ஆம்பியூலும் பல கம்பெனிகளில் பார்க்க ஒன்றாகவே இருக்கும். மாறி முதுகுத் தண்டில் போய்விட்டால் வலிப்பு வந்து ஆள் பிழைப்பதே கஷ்டம். பல நாடுகளில் சிசேரியனில் இது நடந்து, 2022-இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. மயக்க மருந்து டிராலியில் இதை வைக்கக் கூடாது, வேறு அலமாரியில் வை என்று நான் கத்தின கத்துக்கு அட்டெண்டர் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

உன் அடுத்த வீட்டுக்காரியின் மகள் முகத்து மங்குக்கு ஒரு சீரம் பூசுகிறாளே, அந்தப் பாட்டிலின் லேபிளை ஒரு நாள் வாங்கிப் படித்துப் பார். இதே பெயர் இருந்தாலும் இருக்கும். ஜப்பானில் ஈறில் ரத்தம் வராமல் இருக்கப் பற்பசையில்கூடச் சேர்க்கிறார்கள். அதை நினைத்து மதினிக்குப் போட்டதைச் சாதாரணமாகவும் நினைக்காதே, சம்மரியில் பார்த்ததை நினைத்து உன் பெட்டியில் மிச்சம் கிடக்கிற பழைய மாத்திரையை எடுத்து அவளுக்கு இன்னும் இரண்டு கொடுக்கவும் செய்யாதே. உன்னை எனக்குத் தெரியும்.

மதினிக்கு இப்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். டிரெயின் டப்பாவில் வருவதை ஒரே நேரத்தில் தினமும் அளந்து நோட்டில் எழுதச் சொல். சிவப்பு, ரோஸாகி, அப்புறம் வெளிறின மஞ்சளாக வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். மஞ்சளானது திரும்பவும் நல்ல சிவப்பானாலோ, டப்பா காலியாக இருந்து மார்புப் பக்கம் வீங்கி இறுகினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராமல் ஆட்டோவைக் கூப்பிடு. அவள் இதயத்துக்கு எகோஸ்ப்ரின் என்கிற ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறவள்தானே? ஆபரேஷனுக்கு முன் நிறுத்தியிருந்தால் திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்று இதய டாக்டரையும் சர்ஜனையும் கேட்காமல் அண்ணனாக முடிவு எடுக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அதுவும் உடனே போக வேண்டிய விஷயம்தான்.

கடைசியாக ஒரு வேலை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘இ.ஆர்.’, ‘பி.ஆர்.’ என்று இரண்டு இருக்கும், பக்கத்தில் பாசிட்டிவா நெகட்டிவா என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எழுது. பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை வருஷக்கணக்கில் கொடுப்பார்கள். அது டாமாக்ஸிஃபெனாக இருந்தால் ரத்தக்கட்டு வருகிற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். அப்போது யாராவது வேறு எதற்காவது இந்த டிரானெக்சாமிக்கை எழுதினால், இவள் டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறாள் என்று முதலில் சொல்ல வேண்டும். மதினியின் வயதுக்கு லெட்ரோசோல் கொடுப்பதும் உண்டு, அதற்கு எலும்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எது என்று தெரிந்தால் அதைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிவிடாதே, போன தடவை நீ அனுப்பியதில் உன் கட்டை விரல்தான் தெரிந்தது. கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி